வேகமானது எப்போதும் பிடித்துவிடுமா? துரத்தும் ட்ரோனும் தப்பும் ட்ரோனும் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: துரத்துகிற ட்ரோன் தப்புகிற ட்ரோனைவிட வேகமானது என்றால் எப்படியும் பிடித்துவிடும்தானே, பிறகு இதில் ஆட்டக் கோட்பாட்டுக்கு (எதிரெதிர் நோக்கமுள்ளவர்களின் தெரிவுகளை ஆராயும் கணிதத்துக்கு) என்ன வேலை? இணைந்த கணிதத்தில் வரும் சார்பு வேகக் கணக்கே போதாதா? கணினியில் செய்து பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். எதிராளி அடுத்த கணம் எந்தப் பக்கம் போவான் என்று தெரியாத நிலையில் "பிடித்தே தீருவேன்" என்று உறுதி சொல்ல முடியுமா? சில நிலைமைகளில் முடியும். அந்த நிலைமைகளைத் தீர்மானிப்பதில் கதிக்கு நீங்கள் நினைக்கும் அளவு பங்கு இல்லை. எவ்வளவு இறுக்கமாகத் திரும்ப முடியும், எதிராளி திரும்பியது எவ்வளவு விரைவில் தெரியவரும் என்ற இரண்டும்தான் முடிவைச் செய்கின்றன.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலேயே தொடங்குவோம். துரத்தும் ட்ரோனின் கதி செக்கனுக்கு 20 மீற்றர், தப்பும் ட்ரோனுக்கு 15, இடையில் 100 மீற்றர். தப்புவது பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக நேரே பறக்கிறது என்று வையுங்கள். மூக்கை எப்போதும் இரையை நோக்கியே வைத்துத் துரத்தினால் பாதை வளைந்து வளைந்து போய், பிடிக்க 11.4 செக்கன் எடுக்கும். மாறாக, எதிராளியின் பக்கவாட்டுக் கதிக்குச் சமமான பக்கவாட்டுக் கதியை எடுத்துக்கொண்டு, பார்வைக்கோட்டிலிருந்து 48.6 பாகை முன்னே சாய்ந்து நேர்கோட்டில் போனால் 7.6 செக்கன்தான். இந்த இரண்டாவது வழியில் எதிராளியின் திசைகோள் மாறவே மாறாது. தூரம் மட்டும் குறையும். கொட்டியாரக் குடாவில் மூதூர்ப் பக்கம் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். எதிரே வரும் கப்பல் தன் வள்ளத்தின் விளிம்பில் ஒரே இடத்திலேயே நின்று பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதப் போகிறது என்று அர்த்தம். கடலில் மோதல் தவிர்க்கும் 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளிலும் 7ஆவது விதி இதையே சொல்கிறது. வள்ளக்காரர் தவிர்க்கப் பார்ப்பதைத் துரத்துபவர் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்.

ஆனால் இந்தக் கணக்கில் எதிராளியின் வேகம் உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, "அவன் தனக்கு எது நல்லதோ அதைச் செய்வான்" என்று எழுதினால் அந்தக் கணமே கணக்கு ஆட்டமாகிவிடுகிறது. மிக எளிய ஆட்டத்தில் இருவரும் நினைத்த கணத்தில் திசை மாற்றலாம். அப்போது தப்புபவர் முந்திப் போய்ச் சேரக்கூடிய புள்ளிகள் எல்லாம் ஒரு வட்டத்துக்குள் அடங்கும். அப்பலோனியஸ் வட்டம் என்பது இதுதான். நம் எண்களுக்கு, துரத்துபவரிலிருந்து இரை இருக்கும் திசையில் 57 மீற்றரில் தொடங்கி 400 மீற்றரில் முடியும் வட்டம், ஆரை 171 மீற்றர். தப்புபவருக்கு நல்லது நேரே பின்னங்கால் பிடரியில் பட ஓடுவது. 400 மீற்றரில், 20ஆவது செக்கனில் பிடிபடுவார். அவர் வேறு திசையில் போனால் அதற்கு முன்பே பிடிபடுவார். துரத்துபவர் பிசகினால் அதற்குப் பிறகு. தனியாக விலகுகிறவருக்கு நட்டம் என்ற இந்த நிலையைத்தான் சேணப் புள்ளி என்கிறார்கள். வட்டத்துக்குள் ஒரு மறைவிடம் இருந்தால் தப்புபவர் வென்றார், இல்லையென்றால் இல்லை. இதுவரை நீங்கள் சொன்னதே சரி: வேகமானது பிடித்துவிடுகிறது.

இந்த எண்ணத்தை முழுக் கோட்பாடாக வளர்த்தவர் அமெரிக்காவின் ரான்ட் நிறுவனத்தில் வேலை செய்த ரூபஸ் ஐசாக்ஸ். 1950களின் தொடக்கத்தில் உள்ளறிக்கைகளாக எழுதினார். நூலாக வந்தது 1965இல். வகையீட்டு ஆட்டம் என்ற துறை அங்கிருந்துதான் வருகிறது. அவர் காட்டிய முக்கியமான விஷயம், விடை ஒரு பாதையாக இருக்க முடியாது என்பது. "இப்போது நான் இங்கே, அவன் அங்கே; ஆகவே இதைச் செய்வேன்" என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கட்டளை வைத்திருக்கும் விதிதான் விடை. எதிராளி தவறு செய்தால் அந்த விதியே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். விதியைக் கண்டுபிடிக்க, முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறோம்: பிடிபட்ட கணத்தில் பெறுமதி (பிடிக்க இன்னும் எடுக்கும் நேரம்) தெரியும், அதற்கு ஒரு நொடித்துளி முன்பு துரத்துபவர் குறைக்கவும் தப்புபவர் கூட்டவும் பார்த்தால் என்னவாகும், அதற்கும் முன்பு என்னவாகும் என்று. இதில் ஒரு நிபந்தனை உண்டு. யார் முதலில் தெரிவு செய்கிறார் என்பதால் விடை மாறக் கூடாது. துரத்துபவரின் கட்டளையும் தப்புபவரின் கட்டளையும் சமன்பாட்டில் தனித்தனி உறுப்புகளாக நின்றால் இது தானாகவே நிறைவேறும். ட்ரோன், விமானம் பற்றிய வழக்கமான மாதிரிகளில் அப்படித்தான் நிற்கின்றன.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். ஐசாக்ஸ் கொடுத்த உதாரணங்களில் மிகவும் பேர்போனது கொலைகாரச் சாரதி. கார் வேகமானது, ஆனால் குறித்த ஆரைக்குக் குறைவாகத் திரும்பாது. நடந்து போகிறவர் மெதுவானவர், ஆனால் நின்ற இடத்தில் திரும்புவார். பெயர் கொடூரமாக இருந்தாலும் ஏவுகணைக்கும் விமானத்துக்கும் இடையிலுள்ள சிக்கலின் எலும்புக்கூடு இதுதான். நான்கு சுழலி ட்ரோன் ஒன்று உயரம் குறையாமல் 35 பாகை சாய்ந்தால் கிடைக்கும் பக்கவாட்டு ஆர்முடுகல் 9.81ஐ 35 பாகையின் தாஞ்சனால் பெருக்கினால் வருவது, அதாவது செக்கனின் வர்க்கத்துக்கு 6.87 மீற்றர். 20 கதியில் இதன் திருப்பு ஆரை 58 மீற்றர். இப்போது அது உங்களை நோக்கி நேராக வருகிறது, நீங்கள் செக்கனுக்கு வெறும் 5 மீற்றர் கதியில் பக்கத்தே விலகக்கூடியவர் என்று வையுங்கள். நீங்கள் விலகத் தொடங்கியதும் உங்கள் பக்கவாட்டு இடப்பெயர்ச்சி கதி தர நேரம். அது உங்களைப் பின்தொடர்ந்து வளைவதால் பெறுவது அரை ஆர்முடுகல் தர நேரத்தின் வர்க்கம். இரண்டின் வித்தியாசம் எப்போது உச்சம்? வகையிட்டுப் பாருங்கள்: நேரம் 5 ÷ 6.87 = 0.73 செக்கன், வித்தியாசம் 25 ÷ 13.74 = 1.82 மீற்றர். ஆக, துரத்துபவரின் வலை, அதாவது உள்ளே வந்தால் பிடிபட்டதாகக் கொள்ளும் வட்டம், 1.82 மீற்றருக்குக் குறைந்த ஆரையுடையது என்றால், நான்கு மடங்கு வேகமான ட்ரோனாக இருந்தும் அது உங்களைத் தொடாது. சுற்றி மறுபடி வந்தாலும் இதையே திரும்பச் செய்யலாம்.

அந்த விடையில் துரத்துபவரின் கதி எங்கே என்று தேடிப் பாருங்கள். இல்லை. உங்கள் பக்கக் கதியின் வர்க்கம், துரத்துபவரின் ஆர்முடுகல், இரண்டே. அதே சாய்வை வைத்துக்கொண்டு கதியை 30 ஆக்கினால் உங்களைப் பிடிப்பதில் அதற்கு ஒரு சென்ரிமீற்றரும் கூடுதலாகக் கிடைக்காது. திருப்பு ஆரை மட்டும் 131 மீற்றராகப் பெருத்து, தவறவிட்ட பிறகு திரும்பி வர அதிக நேரமாகும். ஐசாக்ஸின் சரியான சூத்திரத்தில் கதி விகிதம் வருகிறது, ஆனால் மெதுவான எதிராளிக்கு வித்தியாசம் மயிரிழைதான். விகிதம் 0.25. அதன் வர்க்கத்தை 1இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.9682; விகிதத்தை அதன் நேர்மாறு சைனால் பெருக்கினால் 0.0632, கூட்டி 1ஐக் கழித்தால் 0.0314, திருப்பு ஆரையால் பெருக்க 1.83 மீற்றர். அதே சூத்திரத்தில் முன்பு எடுத்த 20, 15 சோடியைப் போட்டால் 17.3 மீற்றர் வரும். எளிய ஆட்டத்தில் 20 செக்கனில் உறுதியாகப் பிடிபட்ட அதே எதிராளி, துரத்துபவருக்குத் திருப்பு ஆரை என்ற ஒன்று வந்ததும், 17 மீற்றர் வலை இல்லாவிட்டால் என்றைக்கும் பிடிபடமாட்டார்.

விலகும் நேரம்தான் இதில் உயிர். 0.73 செக்கன் என்றால் துரத்துபவர் கிட்டத்தட்ட 14.6 மீற்றரில் இருக்கும் கணம். பயந்துபோய் அதன் இரண்டு மடங்கில், 29 மீற்றரிலேயே விலகத் தொடங்கினால், அது நீங்கள் விலகிய அளவு முழுவதையும் எட்டிப் பிடித்துவிடும். தவறும் தூரம் சுழியம். பிந்தினாலும் குறையும். எனவே தப்புபவருக்குத் திசையைவிடத் தூரம் சரியாகத் தெரிவது முக்கியம். ஒற்றைக் கமராவை மட்டும் நம்பும் ட்ரோன்களில் திசை நன்றாகவும் தூரம் மோசமாகவும் தெரிவதால், தப்பும் உத்தி கடதாசியில் வேலை செய்து களத்தில் தோற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வலை போதிய அளவு பெரிதாக இல்லாதபோது தளம் இரண்டாகப் பிரிகிறது: இங்கிருந்து தொடங்கினால் பிடிபடுவார், அங்கிருந்து தொடங்கினால் மாட்டார். நடுவே உள்ள எல்லையை வேலி என்று சொல்லலாம். வேலியின் மேல் இருவரும் சரியாக ஆடினால் ஆட்டம் வேலியிலேயே வழுக்கிப்போய், வலையின் விளிம்பை உரசிக்கொண்டு முடியும். யாராவது பிசகினால் மற்றவர் பக்கம் விழும். வலை போதிய அளவு பெரிதாக இருந்தால் வேலி முழுதாக மூடாது. அப்போது எங்கிருந்தும் பிடிக்கலாம், ஆனால் சில இடங்களிலிருந்து நேரே பிடிக்க முடியாது. இரை துரத்துபவரின் திருப்பு வட்டத்துக்குள், பக்கத்திலேயே நின்றால், துரத்துபவர் முதலில் விலகிப் போய்த் தூரம் எடுத்துத் திரும்பி வர வேண்டும். அந்த நேரத்தில் தப்புபவர் செய்ய வேண்டியது துரத்துபவரின் பின்னாலேயே ஓடுவது! முதல் தடவை கணினியில் இதைப் பார்ப்பவர்கள் குறியை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து நிரலைத் திருத்தப் போவார்கள். திருத்த வேண்டாம், அதுதான் சரியான விடை. இந்த ஒரு ஆட்டத்தின் முழு வரைபடத்தை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மெர்ஸ் என்பவர் தன் ஆய்வேட்டில் 1971இல்தான் முடித்தார். இரண்டே மாறிகள் கொண்ட ஆட்டத்துக்கே இவ்வளவு காலம்.

பெரிய இயந்திரங்களிலும் இதே நிலைதான். செக்கனுக்கு 250 மீற்றரில் போகும் போர் விமானம் 9 ஜி (புவியீர்ப்பின் 9 மடங்கு) சுமையில் திரும்பினால் ஆரை சுமார் 710 மீற்றர், செக்கனுக்கு 20 பாகை. 900 மீற்றரில் வரும் ஏவுகணை 30 ஜியில் திரும்பினாலும் ஆரை 2.75 கிலோமீற்றர், செக்கனுக்கு 19 பாகைக்குள். ஆனால் உண்மையான விமானம் நின்ற இடத்தில் திரும்பும் பாதசாரி அல்ல. அதற்கும் ஆர்முடுகல் எல்லை உண்டு, கட்டளை கொடுத்த பிறகு அந்த ஆர்முடுகல் எழுவதற்கு நேரமும் எடுக்கும். இருவருக்கும் இந்தத் தாமதத்தையும் சேர்த்த மாதிரியை விரிவாக ஆராய்ந்தவர்களில் இஸ்ரேலின் டெக்னியோன் நிறுவனத்தைச் சேர்ந்த குட்மன், ஷினார் இருவரும் முக்கியமானவர்கள். அவர்கள் விடையைச் சொற்களில் இப்படிச் சொல்லலாம்: துரத்துபவருக்கு ஆர்முடுகல் எல்லை அதிகமாக இருக்க வேண்டும், அதோடு, எல்லையைத் தாமதத்தால் வகுத்து வரும் எண்ணும் எதிராளியினுடையதைவிடக் குறையக் கூடாது. இரண்டும் இருந்தால், முழுத் தகவலோடு, ஆரம்பத்தில் மிக மோசமான கோணத்தில் இல்லாவிட்டால், தவறும் தூரத்தைச் சுழியமாக்கலாம். மூன்று மடங்கு ஆர்முடுகல் உள்ள ஏவுகணையின் தாமதம் எதிராளியின் தாமதத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் இந்த உறுதி போய்விடும்.

நடைமுறையில் ஓடுவது இதைவிட எளிய விதி: விகிதசம வழிநடத்தல். பார்வைக்கோடு சுழலும் கோண வேகத்தை நெருங்கும் கதியாலும் ஒரு மாறிலியாலும் பெருக்கினால் வருவதே பக்கவாட்டு ஆர்முடுகல் கட்டளை. நெருங்கும் கதி 20, பார்வைக்கோடு செக்கனுக்கு 2 பாகை (0.035 ஆரையன்), மாறிலி 3 என்றால் கட்டளை 2.1. முன்பு சொன்ன "திசைகோளை மாறவிடாதே" என்பதன் தானியங்கி வடிவம் இது. மாறிலி வழக்கமாக 3இலிருந்து 5 வரை. 1965இல் ஹோ, பிரைசன், பெரன் மூவரும், நேராகப் போகும் எதிராளிக்கு 3 என்பது உகந்த விடையாகவே வருகிறது என்றும், எதிராளி வளைந்து தப்பக்கூடியவர் என்றால் மாறிலி 3ஐவிடக் கூட வேண்டும் என்றும் ஆட்டமாக எழுதிக் காட்டினார்கள். பொரி வல்லூறுகளில் கமராவும் ஜீபிஎஸ்ஸும் கட்டி ஒக்ஸ்போர்டில் 2017இல் வெளியிட்ட ஆய்விலும் பாய்ச்சலின் கடைசிப் பகுதி இந்த விதிக்குப் பொருந்தியது. மாறிலி பொதுவாக 3ஐவிடக் குறைவு.

தகவல் என்று வரும்போது கோட்பாட்டின் உறுதி தளரத் தொடங்குகிறது. கிளித்தட்டு ஆடியிருப்பீர்கள். கோட்டில் நிற்பவர் உங்களைவிட மெதுவானவராக இல்லாதபோதும் ஏன் ஏமாறுகிறார்? நீங்கள் உடம்பைச் சரித்தது அவர் கண்ணுக்குத் தெரிந்து கால் நகர்வதற்குள் நீங்கள் மறுபக்கம் போய்விடுகிறீர்கள். எண்ணாகப் பார்த்தால்: செக்கனுக்கு 20 படம் எடுக்கும் கமராவில் ஒவ்வொரு படத்திலும் அரைப் பாகைப் பிழை இருந்தால், அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கழித்து எடுக்கும் கோண வேகத்தில் செக்கனுக்கு 20 பாகை வரை போலி வந்துவிடும். உண்மையான சுழற்சியோ 2 பாகை. ஆகவே வடிகட்ட வேண்டும், வடிகட்டினால் 0.3 செக்கன் அளவு தாமதம் வரும். அந்தத் தாமதம் தவறும் தூரத்தில் அப்படியே சேரும்: 5 தர 0.3, அதாவது 1.5 மீற்றர். நம் 1.82 மீற்றர் 3.3 ஆகிவிட்டது. தாமதமுள்ள துரத்துபவருக்கு எதிரே தப்புபவரின் சிறந்த உத்தி, கணிக்க முடியாத நேரங்களில் பக்கம் மாற்றுவது. அப்போது "உறுதியாகப் பிடிப்பேன்" என்ற வாக்கியம் போய், "இத்தனை நிகழ்தகவோடு" என்ற வாக்கியம் வருகிறது.

எதிராளி எங்கே என்றே தெரியாவிட்டால் அது தேடல் ஆட்டம், இன்னொரு குடும்பம். திருகோணமலைக்காரருக்கு இதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது ஜப்பான் நடத்திய தாக்குதலுக்கு முந்தின இரவே எச்சரிக்கை கிடைத்து, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போனது. காலையில் ஜப்பானிய வேவு விமானமொன்றின் கண்ணில் பட்டது. மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அன்று விமானங்கள் இருக்கவில்லை. தன்னைவிடப் பல மடங்கு வேகமான குண்டுவீச்சு விமானங்கள் கண்டபின் கப்பலுக்கு ஆட ஆட்டமே மிஞ்சவில்லை. அதன் ஆட்டம் முழுவதும் காணப்படுவதற்கு முன்னால் இருந்தது.

விண்வெளியைப் பற்றி ஒரு சொல். சுற்றுப்பாதையில் "நேரே போய்ப் பிடி" என்ற உள்ளுணர்வே பிழை. முன்னால் இருக்கும் பொருளை நோக்கி உந்தினால் பாதை உயர்ந்து, பின்தங்கிப் போவீர்கள். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் விண்வெளி வீரர் மக்டிவிட் தன் றொக்கெற்றின் கழன்ற பகுதியை அப்படி அணுகப் பார்த்து, எரிபொருள் கரைந்ததால் கைவிட நேர்ந்தது. அங்கு ஆட்டத்தின் செலவு எரிபொருள். துரத்துபவரும் தப்புபவரும் மீற்றரை விடச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்ற வேக மாற்றக் கையிருப்பைத்தான் எண்ணுகிறார்கள்.

எதை நம்பலாம் என்றால்: ஒருவருக்கொருவர், தளத்தில், முழுத் தகவலோடு என்ற ஆட்டங்களின் விடைகள் நிறுவப்பட்டவை. முப்பரிமாணத்தில் முழு விமான இயக்கத்தோடு வந்தால் நேரடியாகத் தீர்க்க முடிவதில்லை. மாறி ஒன்றுக்கு 100 புள்ளி வைத்தால் இரண்டு மாறிக்குப் பத்தாயிரம் புள்ளி, மடிகணினியில் நிமிடங்களில் முடியும். ஆறு மாறிக்கு ஒரு இலட்சம் கோடி புள்ளி, சேமிக்க மட்டும் 8 ரெராபைற். ஆகவே பலர் எதிராக ஒருவர், காற்று, தரை, பற்றரி எல்லாம் சேர்ந்த ஆட்டங்களில் வருவன தோராயங்கள். இயந்திரக் கற்றலால் பயிற்றிய உத்திகள் நன்றாக ஆடலாம். ஆனால் பயிற்சியில் காணாத எதிராளிக்கு எதிரே உறுதி தருவதில்லை, வேலி எங்கே என்றும் சொல்வதில்லை.

செய்து பார்க்க பைத்தன் போதும். துரத்துபவரை மையமாகவும் அதன் மூக்குத் திசையை ஓர் அச்சாகவும் கொண்டு, இரையின் இரண்டு ஆள்கூறுகளை மட்டும் வையுங்கள். துரத்துபவர் திரும்பும்போது தளம் முழுவதும் எதிர்ப்பக்கம் சுழல்வதாக எழுதினால் ஐந்து மாறிகள் இரண்டாகும். நேரப்படி 0.01 செக்கன். 0.1 வைத்தால் துரத்துபவர் ஒரு படியில் 2 மீற்றர் தாண்டி, வலைக்குள் வந்த இரையைக் காணாமலே கடந்துவிடும். எந்தப் படியாக இருந்தாலும் இரண்டு படிகளுக்கிடையே மிகக் குறைந்த தூரத்தைக் கணித்துச் சரிபாருங்கள். கோணத்தை 180 பாகை எல்லையில் மடிக்காவிட்டால் ட்ரோன் திடீரென்று சுற்றோ சுற்றென்று சுற்றும். இரை நேர் முன்னே வந்ததும் கட்டளை ஒவ்வொரு படியிலும் இடம் வலம் என்று துடித்தால், அரைப் பாகைக்குள் நேராகப் போ என்று ஒரு சிறிய இடைவெளி வையுங்கள். பார்வைக்கோட்டுக் கோண வேகத்தில் தூரத்தின் வர்க்கம் பகுதியில் வருவதால் கடைசி மீற்றரில் எண் வெடிக்கும், கட்டளையை 6.87இல் கட்டுப்படுத்துங்கள். உண்மையான ட்ரோனில் பரீட்சிக்க நினைத்தால், சீனக்குடா விமானத்தளமும் கடற்படைத் தளமும் பக்கத்திலிருக்கும் ஊர் என்பதால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் மேலே அனுப்பவே வேண்டாம்.

முதலில் திருப்பு ஆரை இல்லாமல் ஓட்டி 7.6, 11.4, 20 செக்கன் மூன்றும் வருகிறதா பாருங்கள். பிறகு 35 பாகைச் சாய்வைச் சேர்த்து, செக்கனுக்கு 5 மீற்றர் போகும் இரையை நேர் முன்னே 200 மீற்றரில் வைத்து, அது விலகத் தொடங்கும் தூரத்தை 5 மீற்றரிலிருந்து 40 மீற்றர் வரை மாற்றி மாற்றி ஓட்டி, தவறும் தூரத்தை வரைபாக்குங்கள். வரைபு 15 மீற்றரை அண்டி 1.8இல் உச்சம் காட்டி, 29 மீற்றரளவில் சுழியத்துக்கு வர வேண்டும். உச்சம் அதைவிடக் கூடுதலாக வந்தால் துரத்துபவரின் திருப்பக் கட்டளை ஒரு படி பிந்திப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.